பாப்பாவுக்கு, அந்த விளம்பரம் பற்றி

மந்தாரக்குப்பம், நெய்வேலி

அன்புள்ள பாப்பா,

உன் மெசேஜைப் பார்த்ததும் போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் போனில் நீ "சரி சித்தப்பா, சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால்தான் கடிதம். டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு படி. பலாப்பழ சீசன் முடியப்போகிறது. சித்தி உனக்கென்று வாங்கி வைத்த பண்ருட்டிப் பழம் கனிந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வருடமும் நீ வரவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருக்கிறது.

எங்களைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் மெடிக்கல் ஸ்பெஷலிஸ்ட் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது, விண்ணப்பம் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். "உங்களுக்கும் பக்கத்தில் இருந்த மாதிரி ஆகும்" என்றும் எழுதியிருக்கிறாய். சித்தி அதைப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஆசைதான். ஆனால் நோயாளியாக எனக்கு இருக்கிற ஆசை வேறு, சித்தப்பாவாக இருக்கிற கவலை வேறு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2003 ஏப்ரல் 1-ம் தேதி இந்த இ.சி.எச்.எஸ். திட்டம் வருவதற்கு முன்னால் எங்களைப் போன்ற ஊர்நாட்டு பென்ஷன்காரர்களுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரி என்றால் பரங்கிமலைக்குப் பஸ் ஏறவேண்டும். இப்போது நாடு முழுக்க நானூறுக்கு மேல் பாலிகிளினிக். இதை யாரும் எங்களுக்குத் தர்மமாகக் கொடுக்கவில்லை. இன்று ஓய்வுபெறுகிற ஹவில்தார் 30,000 ரூபாய் கட்டுகிறார், சுபேதார் 67,000 கட்டுகிறார். ஒரே தவணை, ஆயுசு முழுக்க வைத்தியம், வீட்டுக்காரிக்கும் சேர்த்து. அதனால் அங்கே உட்காரும் டாக்டர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிற உரிமை எங்களுக்கு உண்டு.

விளம்பரத்தில் தகுதியில் குறைவைக்கவில்லை. எம்.டி. அல்லது டி.என்.பி. வேண்டும், அதற்குமேல் சில வருட அனுபவமும் வேண்டும். அது சரிதான். சர்க்கரை, பிரஷர், இருதயம், நுரையீரல் என்று நாலும் சேர்ந்து வருகிற எழுபது வயதுக்காரனை நேற்றுப் படித்து முடித்த பிள்ளையிடம் விட முடியாது. ஆனால் சம்பளத்தைப் பார். கொரோனா காலத்து விளம்பரத்தில் ஸ்பெஷலிஸ்டுக்கு ஒரு லட்சம், எம்.பி.பி.எஸ். மெடிக்கல் ஆபீசருக்கு 75,000 என்றுதான் இருந்தது. நீ தூக்கமில்லாமல் படித்த அந்த மூன்று வருடத்துக்கு மாதம் 25,000 ரூபாய்தான் வித்தியாசமாக இருந்தது. மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். பஞ்சப்படி கிடையாது, பென்ஷன் கிடையாது. மத்திய அரசின் நிரந்தர டாக்டர்களுக்குத் தனியாக பிராக்டிஸ் செய்யாததற்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படி உண்டு, ஒப்பந்த டாக்டருக்கு அதுவும் இல்லை. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

நம் டவுன்ஷிப்பையே எடுத்துக்கொள். இங்கே நிலக்கரிச் சுரங்கம் நடத்துகிற என்.எல்.சி.யின் ஆஸ்பத்திரியில் நிரந்தர டாக்டர் கம்பெனி அதிகாரி. அவருக்கென்று சம்பள விகிதம், வருடத்துக்கு 3 சதவீத இன்கிரிமென்ட், பஞ்சப்படி, குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. அங்கே வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளி நெஞ்சுச் சளி என்று வந்தால், அவன் அப்பாவுக்கு என்ன இருந்தது என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். பழைய சிப்பாய்க்கு அப்படி ஒரு டாக்டர் வேண்டாமா?

நான் போகிற பாலிகிளினிக்கில் ஒரு நல்ல டாக்டர் இருந்தார். என் மாத்திரைகளில் பாதியை நிறுத்தினார், மிச்சத்துக்கு நேரம் மாற்றிக் கொடுத்தார். தலைசுற்றல் போயே போய்விட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது, அவருக்கும் குழந்தை குட்டி இருக்கிறது. அதன் பிறகு எதற்கெடுத்தாலும் ரெஃபரல்தான். மூச்சு வாங்குகிறது என்றால் வெளி ஆஸ்பத்திரி, கால் வீங்கினால் வெளி ஆஸ்பத்திரி. அந்த பில்லையும் திட்டம்தான் கட்டுகிறது. உள்ளேயே ஒரு நல்ல பிசிஷியனை நிலையாக வைத்துக்கொண்டால் அந்தப் பணத்தில் எவ்வளவோ மிச்சமாகும். இதை யார் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரி டாக்டர்களின் சம்பளத்துக்கென்றே 2004-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அடிப்படைச் சம்பளம் ஒன்று, அந்தப் பிரிவுக்கு அந்த ஊரில் வெளியே என்ன கிடைக்கிறது என்று பார்த்துக் கொடுப்பது ஒன்று, வேலையைப் பார்த்துக் கொடுப்பது ஒன்று. இரண்டாவதை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்த்தே ஆகவேண்டும். அவர்கள் பணக்காரர்கள், அத்தனை டாலரை நாம் கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்ப்பதற்குப் பணமா வேண்டும்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேல் பரிதாபப்பட்டு வராதே. பரிதாபப்பட்டு வருகிறவர்கள் ஒரு வருடத்தில் களைத்துப் போய்விடுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். நேர்முகத்துக்குப் போனால் வாயைத் திறந்து கேள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், ஈ.சி.ஜி., லேப் எல்லாம் உள்ளேயே ஓடுகிறதா, நீ எழுதுகிற மருந்து பார்மசியில் இருக்குமா, சாயங்காலம் வெளியே பிராக்டிஸ் செய்யலாமா, ஒப்பந்தம் நீட்டிக்கும்போது சம்பளம் ஏறுமா என்று கேள். சின்ன வயதிலிருந்தே நீ கேட்கக் கூச்சப்படுவாய். பள்ளியில் உன் மார்க்கைக் குறைத்துப் போட்டபோதும் நான்தான் வந்து கேட்டேன். நேர்முகத்துக்கு நான் வர முடியாது.

மாப்பிள்ளை சென்னையில், நீ இங்கே என்றால் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதையும் யோசித்து வை. எங்களிடம் விட்டால் சித்திக்குப் பத்து வயது குறையும், ஆனால் அதை வைத்து முடிவு எடுக்காதே. இதெல்லாம் ஒத்துவந்தால் இரண்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு வா. ஒத்துவராவிட்டால் விட்டுவிடு, நான் வருத்தப்பட மாட்டேன்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நான்தான் தூண்டிவிட்டேன் என்பார். ஜூலையில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, நேரில் பேசுவோம். என் சர்க்கரை ரிப்போர்ட்டைத் தனியாக அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தால் சித்தியைத் திட்டு, தினமும் இரண்டு டம்ளர் காபி கொடுப்பது அவள்தான்.

உன்
சித்தப்பா