வலிக்கும் ஒரு காரணம் உண்டு

(முன்னாள் மாணவியர் நால்வர், இளநிலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலருக்கு முன்னாள் மாணவியரும் எழுத வேண்டும் என்று நம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் நாங்கள் நால்வரும் கூடி யோசித்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் நாங்கள். இன்று ஒரே கல்லூரியில் பயில்கிறோம். சுற்றுலாவைப் பற்றி எழுதலாம் என்றாள் ஒருத்தி. விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றாள் மற்றொருத்தி. கடைசியில், இவ்வாண்டு எங்களை மிகவும் சிந்திக்க வைத்த ஒரு பாடத்தைப் பற்றியே எழுதுவது என்று முடிவாயிற்று.

‘உயிரணுவும் நோயின் வழிமுறைகளும்’ என்பது அப்பாடம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், தங்கையரே! பத்தாம் வகுப்பில் நாம் அனைவரும் உயிரணுவின் படத்தை வரைந்து, உட்கரு, சவ்வு, மைட்டோகாண்டிரியா என்று பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாம். கல்லூரியில் கேள்வி மாறுகிறது. இந்தப் பாகங்களுள் ஒன்று பழுதானால் அந்த மனிதருக்கு என்ன நேரும் என்று கேட்கிறார்கள். அதற்கு விடை எழுதப் படம் மட்டும் போதாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிதாயில்லை. “டாக்டருக்கா படிக்கிறாய்?” என்று எங்களுள் ஒருத்தியின் பாட்டி கேட்டார். “இல்லை பாட்டி, நோய் எப்படி உண்டாகிறது என்று படிக்கிறோம்” என்றதும், “வந்த பிறகு அது எப்படி வந்தது என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது?” என்றார். நியாயமான கேள்வி! நோயின் முதற்காரணத்தை நாட வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வற்புறுத்தியிருப்பதை நாங்கள் எடுத்துக்காட்டியும் பாட்டி மனம் இசையவில்லை. அவருக்குச் சொல்ல விரும்பிய விடையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரே ஓர் எழுத்து

நம் இரத்தத்துக்குச் செந்நிறம் தருபவை சிவப்பணுக்கள். ஒவ்வொரு நொடியும் நம் எலும்பு மச்சையில் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. அதற்கு உட்கரு இல்லை. நடுவில் சற்றுக் குழிந்த வட்டமான ஆப்பம் போன்ற வடிவம். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களிலும் வளைந்து நெளிந்து புகுந்து வெளிவரும். அதனுள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதமே ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது.

1904-ஆம் ஆண்டின் இறுதியில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் பல் மருத்துவம் பயில வந்திருந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இளைஞர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ், வட்டமாக இருக்க வேண்டிய அணுக்கள் பல நீண்டு வளைந்து கிடப்பதைக் கண்டார். அவருடைய மூத்த மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் இச்செய்தியை வெளியிட்டார். கதிரறுக்கும் அரிவாளைப் போன்ற அவ்வடிவமே நோய்க்கும் பெயராயிற்று: அரிவாள் அணுச் சோகை. நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவராகப் பணிபுரிந்து 1916-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

அணு ஏன் வளைகிறது? 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் மற்றவர்களுடையதையும் மின்னோட்டத்தில் நகரவிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் நகரவில்லை. குற்றம் ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. பின்னர் 1956-57-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அந்தக் குற்றத்தின் இடத்தையே சுட்டிக் காட்டினார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும்; நோயாளியிடம் அங்கே வேலின் இருக்கிறது. ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது.

இந்த ஒரு மாற்றத்தால் என்ன நடக்கிறது என்பதைப் படித்தபோது நாங்கள் புத்தகத்தை மூட மனமின்றி இரவு வெகுநேரம் விழித்திருந்தோம். வேலின் நீரை விரும்பாதது. ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனை இறக்கி வைத்ததும், அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளம் ஒன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுடன் ஒன்றாக ஒட்டி நீண்ட நார்களாகி, உள்ளிருந்தே அணுவை விறைக்கச் செய்கின்றன. ஆனால் இது உடனே நடந்து விடுவதில்லை. சற்று நேரம் பிடிக்கிறது. அதற்குள் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனைப் பெற்றுவிட்டால் பிழைத்தது. வழியில் தாமதித்தால் அங்கேயே விறைத்துக் குழாயை அடைத்துவிடும். அடைபட்ட இடத்துக்கு அப்பால் எலும்பும் தசையும் ஆக்சிஜனின்றித் தவிக்கும். அதுதான் அந்த வலி. வளைந்து நிமிர்ந்து நைந்துபோகும் இந்த அணுக்கள் 10 முதல் 20 நாட்களுக்குள் சிதைந்துவிடுவதால் இரத்தசோகையும் கூடவே வருகிறது.

இப்போது, குளிர் ஏன் இந்நோயாளிகளுக்கு ஆகாது என்பது புரிகிறதல்லவா? குளிரில் குழாய்கள் சுருங்குகின்றன. அணு வழியில் தாமதிக்கிறது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கமாகிறது. நெருக்கம் சிறிது கூடினாலும் விறைப்பதற்கு ஆகும் நேரம் மிகவும் குறைந்துவிடுகிறது. காய்ச்சலும் மிகுந்த களைப்பும் இவ்வாறே தீங்கு செய்கின்றன.

கூடலூரில் கண்டது

இந்நோய் எங்கோ தொலைதூரத்தில் உள்ளவர்களுக்கு வருவது என்று எண்ண வேண்டாம். நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இவ்வணு இருப்பதை லேமனும் மேரி கட்புஷும் 1952-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் பேராசிரியை எங்களைக் கூடலூர்ப் பகுதியில் நடந்த ஓர் இரத்தப் பரிசோதனை முகாமுக்கு அழைத்துச் சென்றார். உதகையையும் நடுவட்டத்தையும் கடந்து, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே இறங்கிப் போனோம்.

முகாமில் எங்களுக்குக் கிடைத்த வேலை எளியது. மருந்து கலந்த நீர் உள்ள சிறு குழாயில் ஒரு துளி இரத்தத்தை விட வேண்டும். குழாய்க்குப் பின்னால் கோடுகள் போட்ட அட்டையை வைக்க வேண்டும். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நலம். கலங்கி மறைந்துவிட்டால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். அது நோயா, நோயைச் சுமக்கும் நிலை மட்டுமா என்பதை அடுத்த பரிசோதனை சொல்லும்.

அங்கே ஒரு தாய் தம் சிறு மகனைப் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தார். பணியர் குலத்தவர்; தோட்ட வேலை செய்பவர். உடன் வந்திருந்த மூத்த மகளுக்கு எங்களைவிட மூன்று நான்கு வயது குறைவாக இருக்கும். அவளுக்கு நோய் இருப்பது முன்பே தெரிந்து மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். முகாமில் பணிபுரிந்த செவிலி அக்காவும் அவர்கள் இனத்தவரே. அவர்தாம் அந்தத் தாய் கூறியதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

அந்தப் பெண் சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாளாம். மார்கழி மாதத்தில் விடியுமுன் தொட்டித் தண்ணீரில் குளிக்க வேண்டும். குளித்ததும் முழங்காலுக்குக் கீழே எலும்பை முறிப்பது போல வலிக்கும், அழுவாள். வெளியே பார்த்தால் வீக்கமில்லை, காயமில்லை. படிப்புக்கும் வேலைக்கும் அஞ்சி நடிக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். வலிக்கிறது என்று சொன்ன நாட்களில் மைதானத்தில் நிற்க வைத்தார்களாம். இரண்டாம் ஆண்டின் பாதியில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், திரும்பிப் போகவில்லை. கணக்கில் கெட்டிக்காரி என்று தாய் இருமுறை சொன்னார்.

செவிலி அக்கா அவளுடைய இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடி வில்லையில் வைத்து, ஓரங்களை மெழுகால் அடைத்து, அரைமணி நேரம் கழித்து அவளையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நெடுநேரம் பார்த்தாள். “இது பிறக்கும்போதே என்கூட வந்ததா?” என்று கேட்டாள். “ஆமாம், நீ செய்த குற்றம் ஒன்றுமில்லை” என்றார் அக்கா. பிறகு தாயும் பார்க்க விரும்பினார். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் முதலில் இரண்டையும் மூடிக்கொண்டார். மகள் தன் கையால் ஒரு கண்ணைப் பொத்திக் காட்டினாள்.

திரும்பி வரும் வழியில் பேருந்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. பாட்டியின் கேள்விக்கு விடை எங்களுக்குக் கிடைத்திருந்தது. நோய் எப்படி வந்தது என்று யாரேனும் ஒருவர் அறிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாளி வெந்நீரும், குடிக்க ஒரு செம்பு தண்ணீரும், ஒரு கம்பளியும் கிடைத்திருக்கும். அவள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கவும் கூடும்.

யாரைக் குறை சொல்வது?

பிள்ளைக்கு நோய் என்றால் தாயைக் குறை சொல்வது நம் நாட்டு வழக்கம். இந்நோய் ஒரு பிள்ளைக்கு வர வேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய ஜீன் வர வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அப்பிள்ளை அதைச் சுமக்குமே தவிரப் பெரும்பாலும் துன்புறாது. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாயை மட்டும் தனியே நிறுத்திப் பழிக்க இதில் இடமே இல்லை.

பின் ஏன் இந்த ஜீன் இத்தனை தலைமுறைகளாக அழியாமல் இருக்கிறது? 1954-இல் ஆன்டனி ஆலிசன் ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை. கொசுவும் காடும் சூழ்ந்த இடங்களில் முன்னோர் பலரை உயிரோடு காத்தது இதே ஜீன்தான். இதைச் சாபம் என்றோ, குலத்தின் குறை என்றோ சொல்பவர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

நம் போன்ற பெண்களின் பங்கும் இக்கதையில் உண்டு. இந்நோயுடன் பிறந்த குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாயிருப்பதைக் கவனித்த மருத்துவர் ஜேனட் வாட்சன், கருவில் உண்டாகும் வேறுவகை ஹீமோகுளோபின் அவர்களைக் காக்கிறது என்று 1948-இல் கருதினார். பச்சிளங் குழந்தைகளுக்குத் தினமும் பெனிசிலின் கொடுத்தால் உயிர்க்கொல்லிக் கிருமிகளிலிருந்து காக்கலாம் என்பதை மருத்துவர் மேரிலின் காஸ்டனும் குழுவினரும் 1986-இல் நிறுவினார்கள். கருவின் ஹீமோகுளோபினைப் பெருக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்துக்கு அமெரிக்காவில் இந்நோய்க்காக 1998-இல் அனுமதி கிடைத்தது. ஜீனைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக எமானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா என்னும் இரு பெண்மணிகள் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையால் கருவின் ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்யும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதியளித்தன. ஜேனட் வாட்சன் குழந்தைகளிடம் கண்டது 75 ஆண்டுகளுக்குப் பின் மருந்தாயிற்று!

ஆனால் அச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அது எப்போது எட்டும்? நம் நாட்டில் 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காகக் கொண்டு, 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. பரிசோதனையும் மாத்திரையும் மலைக்கிராமங்கள் வரை தவறாமல் செல்ல வேண்டும். அதுவரையிலும் அதற்குப் பின்னும் வெந்நீரும் கம்பளியும் நம்மால் கொடுக்கக் கூடியவை.

அன்புத் தங்கையரே, உங்கள் வகுப்பில் யாரேனும் அடிக்கடி சோர்ந்து உட்கார்ந்தால் சிரிக்காதீர்கள். என்ன செய்கிறது என்று அருகில் போய்க் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளையின் வலி வெளியே தெரியவில்லை என்பதற்காக இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். எங்களை வளர்த்த அருட்சகோதரிகளுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: மலைப்பகுதிகளிலிருந்து நம் விடுதிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சேர்க்கையின்போதே இந்தச் சிறு பரிசோதனையைச் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். முடிவை அப்பிள்ளையும் பெற்றோரும் விடுதிப் பொறுப்பாளரும் மட்டும் அறிந்தால் போதும். அந்த நாளில் குழாய்களைக் கழுவவும் அட்டையைப் பிடிக்கவும் ஆள் வேண்டுமென்றால் ஒரு கடிதம் போடுங்கள். நாங்கள் நால்வரும் வந்துவிடுகிறோம்.