கடன் நோட்டு

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் மெஸ்ஸுக்கு இரண்டு வகை வாடிக்கை. ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் நின்றபடியே சாப்பிடும் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் ஒரு வகை. விடிகாலை விமானத்துக்கு ஆளை இறக்கிவிட்டு வரும் டாக்சிக்காரர்கள், லோடர்கள், பிளாஸ்க்கில் டீ வாங்கிப்போகும் செக்யூரிட்டிகள் இன்னொரு வகை. இரண்டு கூட்டத்துக்கும் சோறு போட்டது ஒரே ஓடுபாதை. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் பாதை அது. பயணிகள் விமானம் பிறகு வந்து ஒண்டிக்கொண்டதுதான். சோதனை விமானம் கிளம்பினால் பம்பாய் விமானம் காத்திருக்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் குறையாகப் பேசியதில்லை. 2001 ஜனவரி 4 அன்று, பின்னால் தேஜஸ் என்று பெயர் பெற்ற போர் விமானம் முதன்முதலாக எழும்பி 18 நிமிடம் பறந்து இறங்கியது. ஃபேக்டரியில் ரிடையரான என் அப்பா மொட்டைமாடியில் நின்று அழுதார்.

1990 பிப்ரவரி 14 மதியம் ஏர்பஸ் ஏ320 கோல்ஃப் மைதானத்தில் இறங்கி நொறுங்கியபோது நான் பள்ளிக்கூடப் பெண். 146 பேரில் 92 பேர் போய்விட்டார்கள். தெருவிலிருந்த அண்ணன்மார் கரும்புகையைப் பார்த்து ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தேவனஹள்ளியில் புது விமான நிலையம் வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். 2007-08இல் ஏறத்தாழ 1 கோடிப் பேர் இங்கிருந்த சின்னக் கட்டடத்துக்குள் நெரிந்தார்கள். ஆனால் 150 கிலோமீட்டருக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் 25 ஆண்டுக்குக் கூடாதென்று 2004 ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருந்ததாம். எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி வந்துசேர நாலு வருஷம் ஆயிற்று. ஊழியர்கள் போராடினார்கள், ஹைகோர்ட்டில் வழக்கு நடந்தது. மார்ச் 30 என்றார்கள், மே 11 என்றார்கள், கடைசியில் 2008 மே 23 நள்ளிரவோடு இங்கே பயணிகள் விமானம் நின்றது. சென்னைக்கும் கோவைக்கும் போகும் சின்ன விமானங்களையாவது இங்கே விட்டிருக்கலாம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

அன்றைக்கு ராத்திரி கல்லாவில் கடன் நோட்டை விரித்து வைத்திருந்தேன். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்தார்கள்.

"அக்கா, என் பேரை அடிச்சிடுங்க. தேவனஹள்ளியிலேர்ந்து டீ குடிக்க இங்க வரமுடியுமா?" என்று ஒரு இண்டிகா டாக்சிக்காரர் 340 ரூபாயை எண்ணி வைத்தார்.

"பாதி போதும்ப்பா, மீதி கிடக்கட்டும்."

"வேணாம்க்கா, கணக்கு கணக்குதான்."

முழுசாகக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒரு லோடர் பையன் மட்டும், புது இடத்தில் வேலை கிடைத்ததும் தருகிறேன் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டான். யாரும் கேட்காமலே போட்டான். அவன் பேரை இன்றுவரை நான் அடிக்கவில்லை, கடனுக்காக அல்ல.

மறுநாள் மாவு பாதி மிஞ்சியது. ஆள் வைத்து நடத்திய கடையை நானும் வீட்டுக்காரரும் மட்டும் நடத்தும்படி ஆயிற்று. ஷிப்டுக்காரர்களால்தான் அடுப்பு எரிந்தது. நாலு டாக்சிக்காரர்கள் வண்டியை விற்றுவிட்டுக் குடியாத்தம் பக்கம் திரும்பிப் போனார்கள். ரோட்டுக்கே பழைய ஏர்போர்ட் ரோடு என்று பேர் வந்துவிட்டது.

ஓடுபாதையை யாரும் மூடவில்லை என்பதுதான் எனக்கு ஆறாதது. பிரதமர் வந்தால் பெரும்பாலும் இங்கேதான் இறங்குகிறார். தனியார் ஜெட் இறங்குகிறது. போர் விமானங்கள் தினமும் ஏறி இறங்குகின்றன. 2019 பிப்ரவரி 1 அன்று மிராஜ் விழுந்து இரண்டு இளம் விமானிகள் இறந்தபோது மறுபடி அதே புகை.

ஒசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024இல் தமிழ்நாடு அறிவித்தது. அதற்கும் குறுக்கே நிற்பது அதே 150 கிலோமீட்டர்தான், அதுவும் 2033 வரை. என் தங்கச்சி மகன் அந்தப் பக்கம் மெஸ் போட இடம் பார்க்கிறான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.