முதல் நாவல்

பாடநூலில் வரும் உரைநடைப் பகுதி நான்கைந்து பக்கங்களில் முடிந்துவிடும். மணி அடிப்பதற்குள் அதைப் படித்துப் பொருள் கேட்டு, வினாக்களுக்கு விடையும் எழுதிவிடலாம். நாவலை அவ்வாறு முடிக்க இயலாது. அதனோடு சில நாள்கள் குடியிருக்க வேண்டும். நேற்று விட்ட இடத்தை இன்று மனம் தானே தேடிச் செல்ல வேண்டும். தமிழை விருப்பப் பாடமாகக் கற்கும் உங்களுக்கு இப்பழக்கம் வாய்ப்பதற்கான காலம் மிகக் குறுகியது. ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறீர்கள். எட்டாம் வகுப்போடு உங்களில் பெரும்பாலோர் தமிழ் வகுப்பிலிருந்து விடைபெறுகிறீர்கள். அதற்குள் ஒரு நாவலையேனும் முழுமையாகப் படித்தவர், பிற்காலத்தில் எவரும் சொல்லாமலே தமிழ் நூலைக் கையில் எடுப்பார். படிக்காதவருக்குத் தமிழ் என்பது, ஊருக்குச் செல்லும்போது பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க உதவும் அளவில் நின்றுவிடும்.

நான் மேற்கு வங்காளத்தின் கரக்பூரில் பணியாற்றுகிறேன். ரயில்வே வேலையை நம்பித் தென்னாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் பல இங்கு உள்ளன. கோடை விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, "பிள்ளைக்கு எந்தத் தமிழ் நாவலை வாங்கித் தரலாம்?" என்று கேட்பதுண்டு. பலர் விடையையும் தாமே வைத்திருப்பார்கள். அவ்விடை, 'பொன்னியின் செல்வன்'.

கல்கியின் அந்தப் பெருநூலைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நானும் அதனால் உறக்கம் இழந்தவன்தான். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்த கதை அது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வாசகரை அடுத்த வாரம் வரை காத்திருக்கச் செய்யும் ஏதேனும் ஒரு முடிச்சு இருக்கும். ஆயினும் அது ஐந்து பாகங்களைக் கொண்டது. ஒரு பக்கத்தைப் படிக்கக் கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மாணவரின் முன் அந்த ஐந்து பாகங்களையும் அடுக்கி வைப்பது, நீச்சல் பழகாதவரைக் கடலுக்கு அழைத்துச் செல்வதைப் போன்றது. ஐந்து பாகங்களும் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் அழகாக நிற்கும் வீடுகளை நான் அறிவேன். அந்நூலை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படியுங்கள். பதினைந்து வயதில் படித்தாலும் வந்தியத்தேவன் உங்களுக்காகக் காத்திருப்பான்.

முதல் நாவலாக நான் எடுத்துத் தருவது சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959 ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல் மிகச் சிறியது. ஜல்லிக்கட்டு நடைபெறும் ஒரு பிற்பகலே கதையின் காலம். தன் தந்தையைக் கொன்ற காரி என்னும் காளையை அடக்குவதற்காகப் பிச்சி என்ற இளைஞன் வருகிறான். உடன் அவன் உறவினனாகிய மருதன். அருகில், அனைத்தையும் அறிந்த ஒரு முதியவர். மேலே, அந்தக் காளைக்கு உரிமையாளராகிய ஜமீன்தார். கதையில் முக்கியமான ஆட்கள் இவ்வளவுதான். முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

"இதன் பேச்சுநடை பிள்ளைகளுக்கு விளங்காதே" என்று ஆசிரியர் சிலரே என்னிடம் தடை கூறியதுண்டு. மதுரைச் சீமையின் வட்டார வழக்கில் அமைந்த நூல் என்பது உண்மை. கண்ணால் மட்டும் படித்தால் சொற்கள் முரண்டு பிடிக்கும். வாய்விட்டுப் படியுங்கள் என்பதே என் மறுமொழி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த உரையாடலை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று நிறுத்தி, "ஐயா, எங்கள் அப்பத்தா இப்படித்தான் பேசுவார்கள்" என்றாள். அதுவரை அவள் அறிந்த தமிழ் இரண்டு. ஒன்று வீட்டில் காதால் கேட்பது; மற்றொன்று வகுப்பில் கண்ணால் படிப்பது. இரண்டும் ஒரே மொழி என்பதை எந்த இலக்கணப் பாடமும் அவளுக்கு அவ்வளவு விரைவில் உணர்த்தியிருக்காது. அன்று மாலை அவள் தொலைபேசியில் தன் அப்பத்தாவுக்கு இரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினாள் என்றும், அவர் அவளது உச்சரிப்பைத் திருத்தினார் என்றும் பின்னர் அறிந்தேன்.

இந்நூல் வகுப்பில் சண்டையையும் மூட்டும். பிச்சி செய்வது பழிவாங்குவதா, தந்தையின் பெயரைக் காப்பதா? காளைக்குப் பகை தெரியுமா? ஜமீன்தாரின் மானம் எதில் இருக்கிறது? என் மாணவர்கள் இக்கேள்விகளில் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை.

காளையும் மண்ணும் வேண்டாம், பறவைகள் போதும் என்பவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' உண்டு. கரிசல் காட்டுச் சிறுவர்களின் உலகம் அதில் இருக்கிறது. வடநாட்டு நகரங்களில் வளரும் உங்களில் பலருக்குப் பறவைகளின் இந்திப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் தெரியும். அவற்றின் தமிழ்ப் பெயர்களை அந்நூல் சொல்லிக்கொடுப்பதாகவே தெரியாமல் சொல்லிக்கொடுத்துவிடும். அண்மைக் கால நூல்களில், யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' ஆகிய இரண்டும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றவை. முன்னதைச் சிறுமிகள் மட்டுமல்லாமல் சிறுவர்களும் படிக்க வேண்டும்.

தமிழ் நாவல் என்றால் தமிழ்நாட்டுக் கதையாகத்தான் இருக்க வேண்டுமா? வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி முக்கியமானது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' 1929 இல் நூலாக வந்த வங்க நாவல். அதனைத் தமிழாக்கியவர் ஆர். சண்முகசுந்தரம். 'நாகம்மாள்' என்னும் நாவலில் கொங்கு நாட்டுச் சிற்றூரை எழுதிக் காட்டியவர் அவர். அத்தகையவர் வங்கச் சிற்றூர் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தது பொருத்தமானதே. நூல் பெரியது, ஆகையால் வகுப்பில் சில பகுதிகளை நானே படித்துக் காட்டுவேன்.

சத்யஜித் ராய் 1955 இல் எடுத்த திரைப்படத்தில் அபுவும் அவன் அக்காள் துர்காவும் நாணல் பூத்த வெளியில் ஓடிச்சென்று ரயிலைப் பார்ப்பார்கள். நாவலில் துர்காவுக்கு அது வாய்ப்பதில்லை. இருவரும் ஒரு நாள் இருப்புப்பாதையைத் தேடிப் புறப்பட்டு வழிதவறித் திரும்புகிறார்கள். பின்னர் நோயுற்றுப் படுத்திருக்கும் துர்கா, குணமானதும் ரயிலைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். அவள் பிழைக்கவில்லை.

இப்பகுதியைக் கரக்பூரில் படித்துக் காட்டுவது எளிதன்று. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைமேடையைக் கொண்ட ஊர் இது. இரவில் இன்ஜின் ஒலி கேட்காவிட்டால்தான் இங்குள்ள குழந்தைகளுக்கு உறக்கம் கலையும். ரயில் ஓட்டுநர் ஒருவரின் மகன், "ரயிலைப் பார்க்காமலேயே ஒருவர் இறந்துபோக முடியுமா, ஐயா?" என்று கேட்டான். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவனுடைய வங்காளித் தோழன் இக்கதையைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பில் முன்பே படித்திருந்தான். மறுநாள் உணவு இடைவேளையில் இருவரும் துர்காவைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வங்கத்தில் படித்தவன், மற்றவன் தமிழில் கேட்டவன், பேசிக்கொண்டதோ இந்தியில். விருப்பப் பாடம் எதற்குப் பயன்படும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் அந்த இடைவேளையைத்தான் சொல்லுவேன்.

இம்மொழியின் மதிப்பெண் மொத்தத்தில் சேராது, பிறகு கதைப் புத்தகம் எதற்கு என்று ஒரு தந்தை வெளிப்படையாகவே வினவினார். அவர் கவலை நியாயமானது; பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் காத்திருக்கின்றன. நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும் என்றேன். வாடிவாசல் இரண்டு வாரங்களுக்குள் முடிந்துவிடும். அவர் நூலை முதலில் தாம் படித்துப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.

படிக்கும் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத சொல்லைத் தாண்டிச் செல்லுங்கள். தேவையான சொல் மூன்று முறை வந்து தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். முதல் இருபது பக்கங்கள் எவருக்கும் கடினமாகவே இருக்கும். அதற்குப் பின்னும் பிடிக்கவில்லை என்றால் நூலை மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள். பிடிக்காத நாவலை முடிக்க வேண்டும் என்று எந்தத் தேர்வு வாரியமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் சென்னையிலிருந்து கோரமண்டல் விரைவு ரயிலில் ஒரு பெட்டி நிறைய நூல்களைக் கொண்டுவருகிறேன். அவை தமிழ் வகுப்பறையின் இரும்பு அலமாரியில் உள்ளன. சாவி எட்டாம் வகுப்புத் தலைவியிடம் இருக்கிறது. பெயரையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். 'வாடிவாசல்' மூன்று படிகள் வாங்கினேன். ஒன்று அந்தத் தந்தையிடமும் மற்றொன்று ஏழாம் வகுப்பிலும் உள்ளன. மூன்றாவது, மேல் தட்டில் இடப்பக்கம் இருக்கிறது.