கல்யாண மேக்கப்புக்கு மூன்று கொட்டேஷன்

கல்யாணம் நிச்சயமானால் முன்பெல்லாம் முதலில் மண்டபம் பார்ப்போம், அப்புறம் சமையல்காரர், அப்புறம் மேளம். இப்போது மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி, "மேக்கப்புக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?" என்பதுதான். போன வருஷம் என் பேத்திக்குக் கல்யாணம். மருமகனுக்கு வெளியூரில் வேலை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காது. ஆகவே மேக்கப் போடுகிறவர்களைப் பார்த்துப் பேசி முடிக்கத் துணைக்குப் போகும் பொறுப்பு பென்ஷன்காரனான என் தலையில் விழுந்தது.

நான் புதுச்சேரி அரசில் 33 வருஷம் எழுத்தராகக் குப்பை கொட்டியவன். ஆபீசுக்கு ஒரு மர பீரோ வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரரை எல்-1 என்று குறித்து மேலே அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் போகவில்லை. "பாப்பா, மூணு பேரைப் பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றேன். "தாத்தா, இது டெண்டர் இல்ல" என்று சிரித்தாள். சிரித்தாலும் மூன்று பேருக்கு போன் போட்டது அவள்தான்.

முதலாவது, பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, காபி கொடுத்தார்கள். முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கும் மறுநாள் காலை முகூர்த்தத்துக்கும் சேர்த்து 40,000 ரூபாய். முடி அலங்காரம், புடவை கட்டிவிடுவது எல்லாம் அதில் அடக்கம். ஒத்திகை பார்க்கத் தனியாக 2,500. ஆல்பம் என்று ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். நான் நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முப்பது நாற்பது மணப்பெண்கள். புடவை வேறு, நகை வேறு, முகம் மட்டும் ஒன்றே! என் கண்ணாடியில் கோளாறோ என்று துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கோளாறு கண்ணாடியில் இல்லை.

ஒன்றரை மணி நேரம் ஒத்திகை நடந்தது. பேத்தி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் எங்கள் வீட்டு நிறம், அதாவது நல்ல கறுப்பு. என் மனைவியின் நிறம், அப்படியே. வந்து நின்ற பெண் கோதுமை நிறத்தில் இருந்தாள். கழுத்துக்குக் கீழே அவள் நிறம், கழுத்துக்கு மேலே வேறு யாருடையதோ. அவள் ஒன்றும் பேசாமல் தன் புறங்கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். கடைக்காரம்மா புரிந்துகொண்டு, "கல்யாணத்தன்னிக்குக் கை, கழுத்து, முதுகு எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுடுவோம் சார். கேமராவுக்கு ரெண்டு ஷேடு ஏத்தித்தான் ஆகணும்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பிரெஞ்சு பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு முகப்பூச்சு என்றால் 'மக்கியாஜ்'. அதன் வினைச்சொல் 'மக்கியே'. முகத்துக்குச் சாயம் பூசுவதற்கும் அந்தச் சொல்தான், கணக்கைத் திருத்தி எழுதுவதற்கும் அந்தச் சொல்தான். திருட்டு வண்டிக்கு வேறு பெயிண்ட் அடித்து விற்றாலும் 'மக்கியே' பண்ணிவிட்டான் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. அந்தக் கடை வாசலில் நிற்கும்போது வேடிக்கையாக இல்லை.

இது இன்றைக்கு வந்த நோய் என்றும் சொல்ல முடியாது. நம்மூரில் சைகோனிலிருந்து திரும்பிய சொல்தா வீடுகளில், வட்ட டப்பாவில் 'பூத்ர் த ரீ' என்று முகப்பவுடர் இருந்தது ஞாபகமிருக்கிறதா? வெள்ளைக்காரிகளின் தோலுக்காகச் செய்தது. அதை நம் பெண்கள் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தால் மாவு மில்லிலிருந்து வந்தமாதிரி இருக்கும். பிறகு 1975-ல் ஃபேர் அண்டு லவ்லி வந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' போக 2020 ஆகிவிட்டது. போட்டோ ஸ்டூடியோக்காரரும் சும்மா இருக்கவில்லை. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் கூர்மையான பென்சிலால் மெல்லத் தீட்டுவார். நெகட்டிவில் பென்சில் கறுப்பு ஏற ஏற, பிரிண்டில் முகம் வெளுத்துக்கொண்டே வரும். எங்கள் 1977-ஆம் வருஷத்துக் கல்யாணப் படத்தில் என் மனைவி அப்படித்தான் வெளுத்திருக்கிறாள். கை மட்டும் பென்சிலுக்குத் தப்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி என் பக்கம் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ, "கொஞ்சம் வெளுப்பா காட்டினா என்ன குடி முழுகிடும்? ரெண்டு நாள்தானே? போடட்டும்" என்றாள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தர் நிச்சயதார்த்தத்திலேயே, "மண்டபத்து லைட்டுல கொஞ்சம் தூக்கிக் காட்டினா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷிதான், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் என் மனைவியின் காதில் அது போய் உட்கார்ந்துவிட்டது.

அன்று ராத்திரி அவள் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று என் அத்தை ஒருத்தி பந்தலில் நின்று, "விளக்கு வெச்ச நேரத்துல பொண்ணு எங்க இருக்குன்னு தேடணும் போலிருக்கே" என்றாளாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். "மணையில உட்கார்ந்திருக்கும்போது வேற எதுவும் காதுல விழல எனக்கு. மந்திரம்கூட விழல" என்றாள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து! அத்தை செத்தே முப்பது வருஷமாகிறது. பேத்திக்கு அந்தமாதிரி ஒரு சொல் வந்துவிடக் கூடாது, அதற்கு 40,000 ஆனால் என்ன, நான் தருகிறேன் என்பதுதான் அவள் கட்சி. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இரண்டாவது ஆள் 18,000 சொன்னார். எல்-1 இவர்தான். போனிலேயே எல்லாம் பேசினார். ஒத்திகை கிடையாது, "இன்ஸ்டாகிராம்ல பாருங்க சார், அதுதான் நம்ம வேலை" என்றார். நான் எழுத்தர் புத்தியில் ஒரு கேள்வி கேட்டேன்: "அன்னிக்கு உங்களுக்கு வேற எத்தனை முகூர்த்தம்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இன்னும் இரண்டு இருக்கிறது என்றும், எங்களுக்கு "ட்ரெய்ன் பண்ண பொண்ணு" வரும் என்றும் சொன்னார். ஆவணி மாதத்து நல்ல முகூர்த்த நாளில் இது சகஜம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் மூன்று மணிக்கே ஆள் மண்டபத்தில் இருக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று மண்டபத்தில் எப்படி இருப்பார்? வருவது யார், அவர் கையால் போட்ட வேலையைப் பார்க்க முடியுமா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. குறைந்த விலைக்காரரை நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் விதி. என் பட்டியலில் எழுதியே வைத்தேன்.

மூன்றாவது, வில்லியனூர் பக்கம் வீட்டிலேயே தொழில் செய்யும் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். போனதும் பேத்தியை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. வாசலுக்கு அழைத்துப்போய் வெயில் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. உள்ளே ட்யூப் லைட்டில் பார்த்தால் நிறம் பொய் சொல்லும் என்றது. பவுண்டேஷனைப் புறங்கையில் வைத்துப் பார்க்கவில்லை. தாடையோரம், கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் மூன்று கோடு போட்டது. எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உன் நிறம் என்றது. ஒன்றும் முழுசாகக் காணாமல் போகவில்லை. இரண்டைக் கலந்து குழைத்துப் போட்டதும் போயே போய்விட்டது. நான் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

பிறகு, ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, தலைக்கு டை போடுவதுண்டா என்று விசாரித்தது. காதுக்குப் பின்னால் இரண்டு பொட்டு வைத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் வாங்க, அப்புறம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பேஷியல், ப்ளீச் என்று புதிதாக எதையும் செய்யாதே, கறுப்பு மெஹந்தி பக்கமே போகாதே என்றும் சொன்னது. மருதாணி இயற்கையில் சிவப்புதான் பிடிக்கும். கருகருவென்று உடனே பிடிப்பதற்குத் தலைச்சாயத்தில் இருக்கும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள், சிலருக்கு அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். என் கூட வேலை பார்த்தவர் ஒருவர் தலைக்கு டை போட்டு முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கேள்வி கேட்ட பெண் மேல் எனக்கு மரியாதை வந்தது.

டப்பாக்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் பெட்டியைத் திறந்து காட்டியது. அந்த டப்பாக்களின் பின்னால் மூடி திறந்த ஜாடிபோல ஒரு சின்னப் படமும், அதில் 6 எம், 12 எம் என்றும் இருக்கும். திறந்தபிறகு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதற்கான குறி. 'எம்' என்றால் 'மோவா', பிரெஞ்சில் மாதம், என்று பேத்திக்குச் சொன்னேன். "இங்கிலீஷ்லயும் எம்தான் தாத்தா" என்றாள். கண் மைக்குச்சியை ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி கண்ணுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் முக்கியம். இந்தப் பெண் பிரஷ்களைக் கழுவிக் காயவைத்திருந்ததைக் கொடியிலேயே பார்த்தோம்.

கேமரா விஷயத்தையும் அதனிடமே கேட்டேன், கறுப்பு முகம் போட்டோவில் இருட்டாகிவிடுமா என்று. "வெளிச்சம் சரியா வெச்சா விழாது ஐயா. வெளுப்பா பவுடர் போட்டாத்தான் பிளாஷ்ல மூஞ்சி மட்டும் சாம்பல் பூசினமாதிரி தெரியும்" என்றது. தன் மொபைலில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து, எந்த அழகூட்டும் வேலையும் செய்யாமல் அப்படியே அனுப்பியது. 24,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000, எத்தனை மணிக்கு வரும், என்னென்ன செய்யும் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது. அந்தத் தாள் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

வீட்டில் மட்டும் முடிவாகவில்லை. என் மனைவி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படியே இருக்கியே" என்றாள். பேத்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆயா, மறுநாள் காலையில மூஞ்சி கழுவுவேன் இல்ல? அப்போ அந்த வீட்ல எல்லாரும் இது யாருன்னு பார்ப்பாங்க. அதை என்னால தாங்க முடியாது ஆயா" என்றாள். ஆயா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சவுரி நல்லதா வெச்சுப் பின்னச் சொல்லு, இப்ப வர்றதெல்லாம் நழுவி விழுது" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

முடி அலங்காரத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எங்கள் காலத்தில் வீட்டுப் பெண்களே ராக்கொடி, ஜடைபில்லை, குஞ்சலம் வைத்துப் பின்னி, மல்லிகையும் கனகாம்பரமும் தாழம்பூவும் வைத்துத் தைப்பார்கள். இப்போது பூ ஜடை தைத்தே வருகிறது. பெரிய மார்க்கெட்டில் சொல்லிவைத்து வாங்கியதை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், முக்கால் கிலோ! அத்தோடு சவுரி, நெற்றிச்சுட்டி. ரிசப்ஷன் முடிந்து படுக்க நடுநிசி, எழுந்திருக்க இரண்டரை. வெறும் வயிற்றில் இந்த பாரத்தைத் தலையில் வைத்தால் மணையில் உட்காரும்போது தலைவலிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பெண் கொண்டை ஊசிகளை மூன்று இடத்தில் பிரித்துக் குத்தி, பாரம் ஒரே இடத்தில் இழுக்காமல் பார்த்துக்கொண்டது. நடுவில் பேத்திக்கு இரண்டு இட்லியும் ஊட்டிவிட்டது. இதற்குத் தாளில் தொகை எழுதவில்லை.

முகூர்த்தத்தன்று சரியாக இரண்டு ஐம்பதுக்கு மண்டபத்தில் வண்டி சத்தம் கேட்டது. ஓமப்புகையில் கண் கலங்கினாலும் மை வழியவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா பேத்தியை மேலும் கீழும் பார்த்தார். "புடவை கலர் எடுப்பா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மணவறைக்குக் கிளம்பும் நேரத்தில் என் மனைவி கையில் மை டப்பியோடு வந்து, அத்தனை வேலைப்பாடான கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கப் போனாள். மேக்கப் பெண் பதறிப்போய் கையைப் பிடித்தது. "ஆயா, ஆயா, காதுக்குப் பின்னால வைங்க, அங்க ஒண்ணும் பூசல" என்றது. இவள் கேட்கவில்லை. "என் பேத்திக்குக் கண்ணு பட்டுடும்டி" என்று கன்னத்திலேயே வைத்துவிட்டுத்தான் போனாள். வீடியோவில் அது தெரிகிறது, கொஞ்சம் உற்றுப் பார்த்தால்.