இரண்டு சாவி வண்டி

காணாமல் போன வண்டி கிடைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். வக்கீலுக்கு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ஸ்டேஷன் வளாகத்தில் நிற்பது அவருடைய வண்டிதான், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது வழக்குச் சொத்து. படிவம் 95ல் ஏறி, ஒரு எண் வாங்கி, நீதிமன்றம் சொல்லும் வரை அசையாமல் நிற்கும். வெளியே எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எடுத்த வண்டியை எப்படி ஓட்டுவது என்பதுதான் இந்த வழக்கில் எங்களைப் பிடித்து ஆட்டிய கேள்வி.

2009 வைகாசி முகூர்த்த சமயம். கட்சிக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். ஊருக்கே மாஸ்டர், எனக்கும் மாஸ்டர். அடுப்பு, அண்டா, சாரணி எல்லாம் ஏற்றிப் போக 2003 மாடல் மாருதி ஆம்னி ஒன்று வைத்திருந்தார். ஒரு மண்டபத்தின் பின்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, விடிய விடிய இட்லி மாவும் சாம்பாருமாக இருந்திருக்கிறார். காலையில் பந்தி முடித்து வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அன்றே புகார், அன்றே முதல் தகவல் அறிக்கை. ஒரு வாரம் கழித்துத் தாராபுரம் சாலையில் வாகனத் தணிக்கையில் வண்டி மாட்டியது. உள்ளே இரண்டு பையன்கள்.

கைப்பற்றுதல் மகஜரில் வண்டியோடு இன்னொன்றும் எழுதப்பட்டிருந்தது: ‘எதிரியிடமிருந்து மாற்றுச்சாவி ஒன்று.’ ஒப்புதல் வாக்குமூலத்திலும் அதே பல்லவி, கள்ளச்சாவி போட்டுக் கதவைத் திறந்து வண்டியைக் கிளப்பினோம் என்று. நான் பார்த்த வாகனத் திருட்டு வாக்குமூலங்களில் பாதிக்கு மேல் இந்த வாசகம் இருக்கும். பூட்டை உடைத்து எடுத்த வண்டிக்கும் அதேதான். ரைட்டரின் கை தானாகவே எழுதிவிடுகிறதோ என்னவோ.

இந்த வண்டியின் பூட்டை நானே குனிந்து பார்த்தேன். ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில் சாவி நுழையும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் பிய்ந்த பள்ளம். விளிம்பு உலோகம் உள்பக்கமாக மடங்கி, தட்டையான ஸ்குரு டிரைவர் முனை பதிந்த தடம் அப்படியே இருந்தது. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் இரண்டு தரைவிரிப்பில் கிடந்தன. அந்தத் தகடுகள்தான் பூட்டின் உயிர். சரியான சாவி போனால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை திரும்பும், தப்பான சாவி போனால் ஏதாவது ஒன்று நீட்டிக்கொண்டு தடுக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர்கள் உருவப்பட்டு, பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் இக்னிஷன் ஒயரும் முறுக்கிச் சேர்த்து செல்லோடேப் சுற்றப்பட்டிருந்தன. ஸ்டார்ட்டர் ஒயர் தனியாகத் தொங்கியது. அதைத் தொட்டால் வண்டி கிளம்பும். எந்தச் சாவியும் அந்த வாய்க்குள் நுழைந்திருக்க வழியில்லை. கதவுப் பூட்டுகளில் ஒரு கீறல் கூட இல்லை. நடு ஜன்னலின் நகரும் கண்ணாடிக் கொக்கி மட்டும் நெம்பப்பட்டிருந்தது.

வண்டியை இடைக்காலமாக விடுவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451ஆம் பிரிவில் மனுப் போட்டோம். 2002ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கைப்பற்றிய பொருள்களை 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது, மகஜரும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு பிணைமுறி வாங்கி உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அப்படியும் ஸ்டேஷன் வாசல்களில் செடி முளைத்த வண்டிகள் இன்றும் நிற்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 497ஆம் பிரிவு, பொருள்களின் விவரப் பட்டியலுக்கு 14 நாள், ஒப்படைப்பு உத்தரவுக்கு 30 நாள் என்று கெடுவே வைத்திருக்கிறது. பார்ப்போம்.

எங்களுக்கு உத்தரவு சீக்கிரமே வந்தது. வழக்கமான நிபந்தனைகள்தான்: விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, கூப்பிடும்போதெல்லாம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், வண்டியின் தன்மையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. மாஸ்டர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“சார், லாக்கை மாத்தினா அது மாத்தம்தானே?”

சமையல்காரர் கேட்ட கேள்விதான், ஆனால் சட்டக் கேள்வி. மாற்றலாம் என்றோ கூடாது என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. திருட்டு எப்படி நடந்தது என்பதற்கு உள்ள முக்கியமான பௌதிகச் சாட்சி அந்த உடைந்த பூட்டு. அதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டால் நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்கும். மாற்றாமல் ஓட்டினால்? ஒயரைத் தொட்டுக் கிளப்பி ஓட்டினால் என்ன என்று ஸ்டேஷனிலேயே ஒருவர் யோசனை சொன்னார். மாஸ்டரின் மெக்கானிக் பாய் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் விளக்கியது இது. சாவியை உருவியதும் பூட்டுக்குள்ளிருந்து ஒரு இரும்புத் தண்டு ஸ்பிரிங் விசையில் வெளியே வந்து, ஸ்டீயரிங் தண்டில் உள்ள வெட்டுக்குள் விழும். அதுதான் ஸ்டீயரிங் லாக். சாவி போட்டுத் திருப்பினால்தான் அது பின்வாங்கும். திருடர்கள் உருளையை நெம்பித் திருகியதில் இந்தத் தண்டு பாதி வளைந்து, பின்வாங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. “எந்தப் பள்ளத்துல எந்தக் குலுக்கல்ல அது மறுபடி உள்ள விழும்னு யாருக்கும் தெரியாது சார். ஓடுறப்ப விழுந்துச்சுன்னா ஸ்டீயரிங் திரும்பாது. மாஸ்டர் நேரா மரத்துக்குத்தான் போவாரு.”

நிபந்தனையில் விளக்கம் கேட்டு மறுபடி ஒரு மனுப் போட்டேன். பாயையும் கூட்டிப் போனேன். வண்டியின் அடையாளம் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான், பூட்டு மாற்றினால் பதிவுச் சான்றில் ஒரு எழுத்தும் மாறாது என்று வாதம். நடுவர் அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் அவரை அசைத்தது பாய் சொன்ன மரம்தான். அவரே ஒரு கேள்வி போட்டார்: “கழற்றும்போது பூட்டில் புதுத் தடம் விழாதா?”

விழும், விழாமல் கழற்றவே முடியாது. அந்தப் பூட்டை ஸ்டீயரிங் தண்டோடு பிணைப்பது தலையில்லாத போல்ட். பொருத்தும்போது தலை இருக்கும். குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மேல் ஸ்பேனர் போனதும் தலை முறிந்து விழுந்துவிடும்படிதான் அதைச் செய்கிறார்கள், திருடன் ஸ்பேனர் போட்டுக் கழற்றக் கூடாது என்பதற்காக. பிறகு கழற்ற வேண்டுமென்றால் உளி வைத்துத் தட்டித் தட்டிச் சுழற்ற வேண்டும், அல்லது டிரில் போட வேண்டும். உளித் தடமும் ஸ்குரு டிரைவர் தடமும் கலந்துவிட்டால் பின்னால் யார் போட்ட தடம் எது என்று யாரும் பிரிக்க முடியாது.

அரசு உதவி வழக்கு நடத்துநர் அப்போது எழுந்து ஒன்று சொன்னார். இக்னிஷனுக்கும் கதவுக்கும் ஒரே சாவி போடும் வண்டி இது. இக்னிஷன் பூட்டு உடைந்துவிட்டது, கதவுப் பூட்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றன. கைப்பற்றிய மாற்றுச்சாவியைச் சோதிக்க மிச்சம் இருப்பவை அவைதான், அதனால் அவற்றைத் தொடக் கூடாது என்றார். அரசுத் தரப்புக்கு வலுச் சேர்க்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

உத்தரவு அப்படியே வந்தது. இக்னிஷன் பூட்டை மட்டும் மாற்றலாம். கழற்றுவதற்கு முன் நெருக்கத்தில் புகைப்படம், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கழற்றல், எந்தத் தடம் கழற்றும்போது விழுந்தது என்று மகஜரில் குறிப்பு, பழைய பூட்டையும் விழுந்து கிடந்த தகடுகளையும் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்து ஒப்படைப்பு. கதவுப் பூட்டுகள் விசாரணை முடியும் வரை அப்படியே இருக்க வேண்டும்.

ஸ்டேஷன் வளாகத்திலேயே பாய் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார். போட்டோகிராபர் பிளாஷ் அடித்தபோதெல்லாம் “கண்ணு கூசுது தம்பி, உளி கையில படும்” என்று சத்தம் போட்டார். புது லாக் ஏறியது, ஒயர்கள் வெட்டிப் புதிதாக இணைக்கப்பட்டன. அன்று முதல் மாஸ்டருக்கு இரண்டு சாவி, கதவுக்குப் பழையது, இக்னிஷனுக்குப் புதியது. சாவிக்காரர் ஒருவர், புதுப் பூட்டின் தகடுகளை மாற்றி அடுக்கிப் பழைய சாவிக்கே பொருந்தும்படி செய்து தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். சாவிதான் சர்ச்சை என்று ஆனபிறகு அதில் யாரும் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

பில் பத்தாயிரத்துக்கு உள்ளேதான். அதை இன்சூரன்ஸில் கேட்டதில்தான் இரண்டாவது சண்டை. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் திருட்டால் வரும் சேதமும் அடக்கம், வண்டி திரும்பக் கிடைத்தாலும். கம்பெனி மறுத்துக் கடிதம் போட்டது. காரணம் ஒன்று: போலீஸ் மகஜரிலேயே சாவி கைப்பற்றப்பட்டிருக்கிறது, ஆகவே சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டார், பாதுகாப்பு நிபந்தனையை மீறினார். காரணம் இரண்டு: ஒயரிங் வேலை மின் கோளாறு, அதற்குப் பாலிசியில் விலக்கு உண்டு. தானாகப் பழுதாவதற்குத்தான் அந்த விலக்கு. திருடன் உருவிய ஒயர் எப்படிக் கோளாறு ஆகும்? இதை எழுதியவர் வண்டிக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை என்பது கடிதத்திலேயே தெரிந்தது.

அப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம். இப்போது ஆணையம் என்று பெயர். வண்டி வாங்கும்போது வந்த இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் மாஸ்டர் மேசையில் வைத்தார். நான் புகைப்படங்களையும் கழற்றல் மகஜர் நகலையும் வைத்தேன். சாவி வண்டியில் இருந்திருந்தால் பூட்டின் வாயைப் பிய்க்க எந்தத் திருடனுக்கு என்ன தேவை? நிபந்தனை மீறல் என்றே வைத்துக்கொண்டாலும் திருட்டில் அதைக் காட்டி முழுத் தொகையையும் மறுக்க முடியாது என்று 2008ல் நிதின் கண்டேல்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டினேன். ஆனால் மன்றம் அவ்வளவு தூரம் போகவே இல்லை. புகைப்படத்தைப் பார்த்தார்கள், சாவிகளைப் பார்த்தார்கள், மனுவை அனுமதித்தார்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கிடைத்தது. பாயின் கூலியில் கழிவு இல்லை. மாஸ்டருக்கு அந்த 40 சதவீதம் புரியவே இல்லை. புது லாக்தானே போட்டோம், அது எப்படி அதற்குள் தேய்ந்தது என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைய வண்டிகளில் இதே வேலை வேறு மாதிரி. சாவிக்குள் சிப் இருக்கிறது, அதை இன்ஜின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். பூட்டை மாற்றினால் மட்டும் போதாது, சாவியைக் கம்ப்யூட்டரில் புதிதாகப் பதிய வேண்டும், தொலைந்த சாவியை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கம்பெனிகளும் இரண்டு சாவியையும் கொடு என்றுதான் முதலில் கேட்கின்றன.

குற்ற வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. நான் அதில் வேடிக்கை பார்ப்பவன்தான், நடத்துவது அரசுத் தரப்பு. மாஸ்டர் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. வண்டியையும் கொண்டுவந்து நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தினார். எதிரிகளுக்கு ஆஜரானவர் அனுபவசாலி. மாற்றுச்சாவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தச் சாவியால் அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்றார். நடுவர் சம்மதித்தார். எல்லோரும் கீழே இறங்கினோம். ஏட்டு டிரைவர் பக்கக் கதவில் போட்டார்; சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. அந்தப் பக்கக் கதவிலும் அப்படித்தான். மாஸ்டர் பழைய சாவியைப் போட்டார், ஒரே திருப்பு.

புலனாய்வு அதிகாரி கூண்டில் சமாளிக்கப் பார்த்தார். முதலில் சாவி போட்டுப் பார்த்திருப்பார்கள், திறக்காததால் உடைத்திருப்பார்கள் என்றார். “மகஜரில் அப்படி எழுதியிருக்கிறீர்களா?” என்று நடுவர் கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது. அரக்கு முத்திரையை உடைத்துப் பூட்டை எடுத்தபோது எதிர்த்தரப்பு, தடங்கள் மெக்கானிக் போட்டவை என்று ஒரு வீச்சு வீசிப் பார்த்தது. புகைப்படம் கழற்றுவதற்கு முன் எடுத்தது, உளித் தடம் எது என்று மகஜரில் தனியாக இருக்கிறது. அது எடுபடவில்லை.

சாவி விழுந்துவிட்டது என்றதும் முழு வழக்கும் விழும் என்று வளாகத்தில் பேசிக்கொண்டார்கள். நம் ஊர்ச் சட்டம் அப்படி இல்லை. ஒன்றில் பொய் என்றால் எல்லாமே பொய் என்ற விதி இங்கே செல்லாது. உமியை நீக்கி அரிசியை எடுத்துக்கொள்ளலாம். நடுவர் சாவியையும் அதைச் சார்ந்த வாக்குமூலப் பகுதியையும் ஒதுக்கினார். திருட்டுப் போன வண்டி ஒரு வாரத்தில் ஒருவன் கையில் இருக்கிறது, எப்படி வந்தது என்று அவன் விளக்கவில்லை என்றால் அவனே திருடன் என்று ஊகிக்க அப்போதைய சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவு இடம் கொடுத்தது. ஓட்டிவந்தவனுக்குத் திருட்டுக் குற்றப் பிரிவான 379ல் தண்டனை. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் விடுதலை. அவனுக்கும் திருட்டுக்கும் முடிச்சுப் போட இருந்தவை அந்தச் சாவியும் வாக்குமூலமும்தான். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. இல்லாத சாவியை எழுதாமல் இருக்கும் பூட்டை எழுதியிருந்தால் அந்த இரண்டாமவன் கதையும் ஒழுங்காக விசாரிக்கப்பட்டிருக்கும் என்ற எரிச்சல் மட்டும் உண்டு.

தீர்ப்பின் கடைசிப் பத்தி சொத்துகளைப் பற்றியது. வண்டி உரிமையாளருக்கே உறுதி, பிணைமுறி ரத்து, பழைய பூட்டும் மாற்றுச்சாவியும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும். மாஸ்டருக்குப் படித்துச் சொன்னேன்.

“அப்ப டோர் லாக்கையும் மாத்திக்கலாமா சார்?”

“தாராளமா மாத்திக்குங்க மாஸ்டர்.”

“அந்தப் பில்லையும் இன்சூரன்ஸ்ல கேக்கலாமா?”

கேட்க முடியாது, அதை யாரும் உடைக்கவில்லையே என்றேன். கோர்ட்டுதானே சார் மாத்தக் கூடாதுன்னுச்சு, ரெண்டு வருஷமா ரெண்டு சாவியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேனே, அதுக்கு யாரைக் கேக்குறது என்றார். பதிலுக்குக் காத்திராமல், மதியம் ஒரு வளைகாப்புக்கு ஆள் எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்று கிளம்பினார்.