நாற்பது வருடத் தொழிலும் ஒரு பழைய கொப்பியும்

2022 ஆம் ஆண்டை இலங்கையில் கழித்த எவரும் அதனை எளிதில் மறந்துவிடமாட்டார்கள். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, இடையிடையே மின்வெட்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பர் மாதப் பணவீக்கம் 69.8 வீதம். இத்தகைய எண்களைச் செய்தியாக எழுதியே நாற்பது வருடங்களைக் கழித்தவன் நான். எனினும், அவை என் வீட்டுக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தபோதுதான் அவற்றின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

தனியார் பத்திரிகை நிறுவனத்தில் பணியாற்றியவனுக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைக்கும் தொகையை வங்கியில் நிலையான வைப்பிலிட்டு, வட்டியில் காலத்தை ஓட்டிவிடலாம் என்பதே 2019 இல் ஓய்வு பெற்றபோது நானும் மனைவியும் போட்ட கணக்கு. அவருடைய நீரிழிவு மருந்துக்கு முன்னர் கொடுத்ததைப் போல இரு மடங்கு கொடுக்க நேர்ந்தபோது அந்தக் கணக்குப் பிழைத்துப்போயிற்று. மீண்டும் பத்திரிகைகளுக்கு எழுதலாம் என்றால், அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இணையத்தின் ஊடாக உழைக்கலாம் என்று முதலில் சொன்னவள் ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகள். "எனக்கு என்ன பிள்ளை தெரியும்? தமிழ் தெரியும், அவ்வளவுதான்" என்றேன்.

"மாமா, தமிழ் தெரியும் எண்டு சொல்லாதேங்கோ. அது எல்லாருக்கும் தெரியும். வேலையிலை ஒவ்வொரு நாளும் என்ன செய்தனீங்கள் எண்டு ஒரு கொப்பியிலை எழுதுங்கோ" என்றாள்.

எழுதினேன். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குதல், நீண்டதைச் சுருக்குதல், ஒப்புநோக்குதல், பெயர்களையும் ஊர்களையும் சரிபார்த்தல், மரண அறிவித்தல்களைத் திருத்துதல். இவற்றில் எதையும் ஒரு திறமையென்று நான் அதுவரை கருதியதில்லை. நாளாந்தம் மூச்சு விடுவது போலச் செய்த வேலைகள் அவை.

தொடக்கத்தில் பெரும் தவறொன்றைச் செய்தேன். 'நாற்பது வருட அனுபவமுள்ள பத்திரிகையாளர்' என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். மூன்று மாதங்கள் எவரும் எட்டிப்பார்க்கவில்லை. வந்த ஒரேயொரு கடிதமும் மோசடி. தரவுப் பதிவு வேலை தருவதாகவும், அதற்கு முன்னர் பதிவுக் கட்டணம் செலுத்துமாறும் கேட்டிருந்தார்கள். வேலை தருபவன் வேலை செய்பவனிடம் பணம் கேட்கமாட்டான் என்ற சிறிய உண்மை, நல்லவேளையாக, என் நினைவுக்கு வந்தது.

பின்னர் மருமகளின் யோசனைப்படி அறிமுகத்தை மாற்றினேன். 'ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்ட பிரசுரத்தை அச்சுக்குப் போகுமுன் மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தித் தருவேன்' என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரங்களில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு வேலை வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளருக்கான துண்டுப்பிரசுரம். மூலத்தில், புண்ணிலிருந்து 'டிஸ்சார்ஜ்' ஏற்பட்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும் என்றிருந்தது. இயந்திரம் செய்து கொடுத்த தமிழில், 'புண்ணிலிருந்து விடுவிக்கப்பட்டால்' உடனே மருத்துவரை நாடவேண்டும் என்றிருந்தது. முதலில் சிரித்தேன். சீழ் வடியும் புண்ணுடன் அதனை வாசிக்கப்போகும் ஒரு முதியவரை எண்ணியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த வேலைக்குக் கிடைத்தது 12 டொலர்.

கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011 இல் சேர்க்கப்பட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அதனிலும் பன்மடங்கு திறமையாகத் தமிழாக்குகிறது. சாதாரண மொழிபெயர்ப்புக்கான கூலி இதனால் குறைந்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், அச்சுக்குப் போகுமுன் 'இது சரிதானா?' என்று சந்தேகப்படும் கண்ணின் தேவை குறையவில்லை. பத்திரிகை எனக்குக் கற்பித்தது அந்தச் சந்தேகத்தைத்தான்.

அடுத்த வருடம், தந்தையை இழந்த ஒரு குடும்பத்தினர் கனடாவிலிருந்து தொடர்புகொண்டனர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் வெளியிட வேண்டும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பை இயந்திரத்தின் உதவியுடன் தமிழாக்கியிருந்தார்கள். அதில் அளவெட்டி 'அலவெட்டி' ஆகவும், கோப்பாய் 'கோபே' ஆகவும் மாறியிருந்தன. பிறந்த ஊரை விட்டு நாற்பது வருடங்கள் பனியில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் மலரில் அவரது ஊர்ப்பெயரே பிழைத்துப்போவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. உறவுமுறைகளைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு, நான்கு இரவுகளில் மலரைத் திருத்திக் கொடுத்தேன்.

கூலி எவ்வளவு என்று மூத்த மகன் கேட்டபோது வாய் வரவில்லை. ஊரில் இருந்த காலத்தில் செத்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்துக் காசு வாங்கியவன் அல்லன் நான். மனைவிதான், "அச்சகக்காரரும் காசு வாங்கினவர்தானே? உங்கடை வேலைக்கு மட்டும் ஏன் கூலி இல்லை?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். அந்த மாத மருந்து அந்தப் பணத்தில்தான் வந்தது. அந்தக் குடும்பத்தினர் சொல்லி, அதன் பின்னர் மேலும் மூன்று குடும்பத்தினர் வந்தனர்.

தொடங்க விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 2010 இல் தொடங்கப்பட்ட ஃபைவர் போன்ற தளங்கள் புதியவருக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன; ஆனால், ஃபைவர் உங்கள் வருவாயில் 20 வீதத்தைக் கழித்துக்கொள்ளும். விலை குறிக்கும்போதே இதனைக் கணக்கிலெடுங்கள். பேபால் ஊடாகப் பணம் பெறும் வசதி இலங்கையில் நெடுங்காலம் இருக்கவில்லை. பலரும் பயோனியர் போன்ற சேவைகளையே நாடினர். வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி அந்நியச் செலாவணியாக வங்கி மூலம் பெறும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஆகக்கூடியது 15 வீத வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கும் உண்டு. பிறப்புச் சான்றிதழ் போன்ற சட்ட ஆவணங்கள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குரியவை, அவற்றில் கைவைக்காதீர்கள். பாமினியில் பழகிய என்னைப் போன்றவர்கள் அஞ்சவேண்டியதில்லை. எ-கலப்பை போன்ற மென்பொருளின் உதவியுடன் அதே விசைகளைத் தட்டி ஒருங்குறியில் எழுதலாம்.

இதனால் நான் செல்வந்தனாகிவிடவில்லை. முதல் ஆறு மாதங்களில் கிடைத்தது 140 டொலருக்கும் குறைவு. இன்றும் வேலையில்லாத வாரங்கள் உண்டு. ஆனால், மருந்துக்கடையில் பாதி மாத்திரைகளை மட்டும் தாருங்கள் என்று கேட்கும் நிலை இப்போது இல்லை.

பணியாற்றிய காலத்தில் சக ஊழியர்கள் எதற்காக உங்கள் மேசையைத் தேடி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரிபார்க்கவா, கடிதம் எழுதவா, சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் விளங்கப்படுத்தவா? அதுவே நீங்கள் தொடங்கவேண்டிய இடம். பட்டமும் பதவியும் அல்ல. என்னைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அண்ணை, இந்த ஊர்ப்பெயர் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

இன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.