முழங்கால் போடும் கணக்கு



போன வாரம் கணியூரிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்தாள். வயது 42. பனியன் கம்பெனியில் டைலர். "டீச்சர், படி ஏறினா முட்டி பிடிச்சுக்குதுங்க. நடந்தா இன்னும் தேயும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, நடக்கறதையே நிறுத்திட்டேனுங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கெல்லாம் நாலாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மெசியரும் அவர் குழுவினரும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முழங்கால் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள 142 பெரியவர்களை நடக்கவைத்து அளந்து பார்த்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று தெரிந்தது. ஒன்றுக்கு நாலு எப்படி என்று கேட்பீர்கள். உடம்பைத் தாங்கத் தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறதே, அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் அழுத்துகிறது.

இனி பெருக்குங்கள். 5 கிலோ குறைத்தால் அடிக்கு 20 கிலோ மிச்சம். வீட்டுக்கும் கம்பெனிக்குமாக ஒரு நாளைக்கு 3,000 அடி நடந்தால், ஒரு காலுக்கு 1,500 அடி. 1,500 × 20 = 30,000 கிலோ. 75 கிலோ மூட்டையாகப் பார்த்தால் 400 மூட்டை! ஒரே நாளில், ஒரே முட்டிக்கு. மடத்துக்குளத்தில் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 400 மூட்டை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

பாரம் மட்டும்தான் காரணமா என்றால், அதுவும் இல்லை. உடம்பு கனத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் கூடுதலாக வருகிறது. விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்பிலிருந்து சுரக்கும் சில பொருள்கள் மூட்டுகளில் அழற்சியைத் தூண்டுகின்றன என்கிறார்கள்.

நடப்பதை நிறுத்துவது பற்றி. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அமுக்கி விடுவதுபோல, நடக்கும்போது அமுங்கி விரிந்துதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அது சத்தை எடுத்துக்கொள்கிறது. நடக்காமல் உட்கார்ந்தால் அதற்குப் பட்டினி. தொடைத் தசையும் சூம்பும், எடையும் ஏறும். வலி பொறுக்கும் அளவுக்குச் சமதரையில் நடக்க வேண்டும்.

என் தங்கை 81 கிலோ இருந்தாள். ஒரு வருஷத்தில் 6 கிலோ குறைத்தாள். பெரிய வைத்தியம் எதுவுமில்லை. சாயங்கால பேக்கரி பஃப்ஸை விட்டாள், ராத்திரி சோற்றைப் பாதியாக்கிக் காய் சேர்த்தாள், வாய்க்கால் கரையில் அரை மணி நடந்தாள். வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் டவுன் பஸ்ஸின் முதல் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறாள். முன்பு அந்தப் படிக்குப் பயந்தே உடுமலைக்கு வருவதைத் தவிர்த்தவள்.

கொள்ளுத் தண்ணீரும் முடவாட்டுக்கால் சூப்பும் குடிப்பவர்கள் குடியுங்கள், நல்ல உணவுதான். அது மட்டும் கொழுப்பைக் கரைத்துவிடாது. வாட்ஸ்அப்பில் விற்கும் எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்ந்த குருத்தெலும்பு வளராது. அந்தக் காசுக்குக் காய் வாங்கலாம்.

இன்னொன்று. கல்யாண வீட்டில் முட்டி வலிக்காரரைப் பார்த்ததும் "உடம்பைக் குறைங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். பரம்பரை, வயது, பழைய அடி என்று வேறு காரணங்களும் உண்டு, ஒல்லியானவர்களுக்கும் தேய்கிறது.

தையல் மெஷினில் நாளெல்லாம் உட்காருபவர்கள் வீட்டில் நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுங்கள். அடுத்து மறு கால். இப்படிப் பத்து தடவை. முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். வெளியே போக முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் முட்டி வலியையும் சொல்லி வையுங்கள்.